தேஜஸ் விலைக்குள் மறைந்திருக்கும் 'மேற்செலவு': கணக்குக் கேட்பது யார்?

புதுதில்லி: இந்திய விமானப் படைக்கு மேலும் 97 'தேஜஸ் மார்க்-1ஏ' ரக போர் விமானங்களை வாங்க, பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்ட ஹிந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் நிறுவனத்துடன் பாதுகாப்பு அமைச்சகம் 2025 செப்டம்பர் 25-ஆம் தேதி ஒப்பந்தம் செய்துகொண்டது. வரிகள் நீங்கலாக அதன் மதிப்பு ரூ.62,370 கோடிக்கும் அதிகம். மறுநாளே, அறுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றிய மிக்-21 விமானங்கள் சண்டீகரில் விடைபெற்றன. விமானப் படைக்கு அனுமதிக்கப்பட்ட போர் விமான அணிகள் 42. மிக்-21 விடைபெற்றதும் எஞ்சியவை 29 என்ற நிலை ஏற்பட்டது.

அவசரத் தேவை இருக்கும்போது விலை குறித்து யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால், நாடாளுமன்றத்திலும் பாதுகாப்பு அமைச்சகத்தின் நிதிப் பிரிவிலும் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழும் கேள்வி ஒன்று உண்டு. போட்டி ஒப்பந்தப்புள்ளி இல்லாமல், ஒரே நிறுவனத்துக்கு நேரடியாக அளிக்கப்படும் இத்தகைய ஒப்பந்தங்களில் விலை எவ்வாறு நிர்ணயிக்கப்படுகிறது? அந்த விலையில் விமானத்துக்கான செலவு எவ்வளவு, ஆலையை நடத்துவதற்கான செலவு எவ்வளவு?

கணக்கியலில் 'ஓவர்ஹெட்' எனவும், தமிழ்ப் பாட நூல்களில் 'மேற்செலவு' எனவும் குறிப்பிடப்படும் இந்த இரண்டாவது வகைச் செலவுதான் பாதுகாப்புத் தளவாடக் கொள்முதலில் அதிகம் பேசப்படாத, ஆனால் அதிகம் விலை கொடுக்கப்படும் பகுதியாகும்.

மேற்செலவு என்பது என்ன?

ஒரு விமானத்துக்கு வாங்கப்படும் என்ஜின், ரேடார், அலுமினியத் தகடு ஆகியவை நேரடிச் செலவுகள். அவற்றைப் பொருத்தும் தொழிலாளியின் ஊதியமும் நேரடிச் செலவே. ஆனால், மேற்பார்வையாளரின் சம்பளம், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு, மின்சாரம், இயந்திரத் தேய்மானம், பாதுகாவல், உணவகம், மருத்துவமனை, ஊழியர் குடியிருப்பு, தலைமை அலுவலகம் ஆகியவற்றை எந்த ஒரு விமானத்தின் பெயரிலும் நேரடியாக எழுத முடியாது. அவற்றை எல்லா உற்பத்தியின் மீதும் பகிர்ந்து ஏற்றியாக வேண்டும்.

எச்ஏஎல் போன்ற நிறுவனங்களில் இதற்கு 'மனித மணி நேர விகிதம்' என்ற அளவுகோல் பயன்படுத்தப்படுகிறது. ஊதியமும் மேற்செலவும் சேர்ந்த தொகையை, ஆண்டு முழுவதும் உற்பத்தியில் செலவிடப்படும் உழைப்பு நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்தின் விலை கிடைக்கும். ஒரு விமானத்துக்கு எத்தனை மணி நேரம் தேவையோ, அதனுடன் இந்த விகிதத்தைப் பெருக்கி, மூலப்பொருள் செலவையும் லாபத்தையும் சேர்த்தால் விலை கிடைத்துவிடும்.

விளக்கத்துக்காக ஒரு கணக்கைப் பார்க்கலாம். ஓர் ஆலையின் ஆண்டு ஊதியமும் மேற்செலவும் ரூ.1,000 கோடி, உழைப்பு நேரம் 50 லட்சம் மணி என்றால், ஒரு மணி நேரத்தின் விலை ரூ.2,000. ஆர்டர் குறைந்து உழைப்பு நேரம் 25 லட்சம் மணியாகச் சரிந்தாலும், நிரந்தர ஊழியர்களையோ கட்டடங்களையோ பாதியாகக் குறைக்க முடியாது. செலவு அதே ரூ.1,000 கோடியாக நீடித்தால், ஒரு மணி நேரத்தின் விலை ரூ.4,000 ஆகிவிடும். யாரும் முறைகேடு செய்யாமலேயே விலை இரட்டிப்பாகும் விந்தை இது.

பெங்களூருவின் சுமை

தொழிலதிபர் வால்சந்த் ஹிராசந்த், மைசூர் சமஸ்தானத்தின் துணையுடன் 1940 டிசம்பரில் தொடங்கிய நிறுவனமே எச்ஏஎல்-லின் முன்னோடி. 1964 அக்டோபர் 1-இல் வேறொரு அரசு விமான நிறுவனமும் இணைக்கப்பட்டு இன்றைய பெயர் பெற்றது. பெங்களூருவின் கிழக்குப் பகுதியில் ஆலைகள், குடியிருப்பு, ஓடுபாதை என ஒரு தனி நகரமாகவே அது வளர்ந்தது.

அந்த ஓடுபாதையே மேற்செலவுப் பிரச்னைக்கு ஓர் எடுத்துக்காட்டு. நகரின் பயணிகள் விமான நிலையமாகவும் விளங்கிய எச்ஏஎல் நிலையம், 2008 மே 24-இல் தேவனஹள்ளியில் புதிய விமான நிலையம் திறக்கப்பட்டதும் வழக்கமான பயணிகள் சேவையை இழந்தது. அந்தச் சேவையால் வந்த வருவாய் நின்றது. ஓடுபாதையைப் பராமரிக்கும் பொறுப்பு நிற்கவில்லை. சோதனைப் பறப்புகளுக்கு அது அவசியம் என்பதில் ஐயமில்லை. ஆனால், இத்தகைய பொதுச் செலவுகளில் எவ்வளவு பங்கு போர் விமானத்தின் விலையில் சேர வேண்டும், எவ்வளவு பங்கை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பதுதான் கேள்வி.

தொடக்க காலத்தில், ஆன செலவு முழுவதையும் ஏற்று, அதன் மேல் குறிப்பிட்ட சதவீத லாபம் சேர்த்து அளிக்கும் முறை நடைமுறையில் இருந்தது. இந்த முறையின் குறை வெளிப்படை. செலவு கூடினால் லாபமும் கூடும். சிக்கனமாக நடத்தினால் லாபம் குறையும். இதை உணர்ந்தே 1990-களில் நிலையான விலை முறைக்கு மாற்றம் செய்யப்பட்டது. அடிப்படை ஆண்டுக்கான மணி நேர விகிதத்தை முன்கூட்டியே முடிவு செய்து, ஆண்டுதோறும் குறிப்பிட்ட விகிதத்தில் உயர்த்துவது அதன் சாரம். செலவை மிச்சப்படுத்தினால் பயன் நிறுவனத்துக்கு. மீறினால் நஷ்டமும் நிறுவனத்துக்கே.

எனினும், அடிப்படை ஆண்டு விகிதம் நிறுவனத்தின் பழைய செலவுக் கணக்கைக் கொண்டே முடிவாகிறது. பழைய கணக்கில் வீண்செலவு இருந்தால் அதுவும் புதிய விகிதத்துக்குள் குடிபுகுந்துவிடும்.

போட்டியின்றி நேரடியாக அளிக்கப்படும் ஒப்பந்தங்களுக்கான லாப விகிதத்தை 12.5 சதவீதத்திலிருந்து 7.5 சதவீதமாக அரசு குறைத்துவிட்டதாக 2018-இல் செய்தி வெளியானபோது, பங்குச் சந்தையில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனப் பங்குகள் சரிந்தன. ஆனால், லாப சதவீதத்தைக் குறைப்பது மட்டும் தீர்வாகாது. 100 ரூபாய் செலவில் 5 ரூபாய் லாபத்தைக் குறைப்பதைவிட, அந்த 100 ரூபாயை 90 ஆக்குவதே வரி செலுத்துவோருக்குக் கூடுதல் பயன் தரும்.

ரஃபேல் விவாதமும் '2.7 மடங்கும்'

மேற்செலவு விவகாரம் அரசியல் அரங்குக்கு வந்தது ரஃபேல் விவாதத்தின்போதுதான். 126 விமானங்களில் 108-ஐ எச்ஏஎல் தயாரிக்கும் என்ற முந்தைய திட்டம் கைவிடப்பட்டு, 36 விமானங்களை நேரடியாக வாங்க 2016 செப்டம்பரில் பிரான்ஸுடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. 2018 நவம்பரில் உச்ச நீதிமன்ற வழக்கையொட்டி அரசு அளித்த ஆவணத்தில், ரஃபேலை இந்தியாவில் தயாரிக்க எச்ஏஎல்-லுக்கு பிரெஞ்சு நிறுவனத்தைவிட 2.7 மடங்கு அதிக மனித மணி நேரம் தேவைப்பட்டது எனத் தெரிவிக்கப்பட்டது.

அரசின் தரப்பில் இது எச்ஏஎல்-லின் திறனின்மைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. எதிர்க்கட்சிகளோ, பொதுத் துறை நிறுவனத்தைப் புறக்கணிக்கச் சொல்லப்படும் சாக்கு எனச் சாடின. ஆனால், இரு தரப்பும் ஒரு கேள்வியைத் தொடவில்லை. மணி நேர எண்ணிக்கை மட்டும் விலையைச் சொல்லிவிடாது; அதனுடன் பெருக்கப்படும் மணி நேர விகிதமும் தெரிய வேண்டும். இந்திய விகிதம் பிரெஞ்சு விகிதத்தில் மூன்றில் ஒரு பங்காக இருந்தால், 2.7 மடங்கு நேரம் எடுத்தாலும் உழைப்புச் செலவு குறைவாகவே இருக்கும். பாதியாக இருந்தால் கூடுதலாகும். அந்த விகிதத்தை நிர்ணயிப்பதில் மேற்செலவுக்குப் பெரும் பங்குண்டு. அந்த எண்தான் பொது விவாதத்தில் இடம்பெறவில்லை.

காலி வேலைக்கூடத்தின் விலை

2019 ஜனவரியில், ஊழியர்களுக்குச் சம்பளம் வழங்க சுமார் ரூ.1,000 கோடி கடன் பெற வேண்டிய நிலை ஏற்பட்டதாக எச்ஏஎல் நிர்வாகம் வெளிப்படையாகவே தெரிவித்தது. அப்போது ராணுவப் பிரிவுகளிடமிருந்து, குறிப்பாக விமானப் படையிடமிருந்து, வர வேண்டிய நிலுவை சுமார் ரூ.15,700 கோடி. இது மக்களவையில் புயலைக் கிளப்பியது. 2014 முதல் 2018 வரை ரூ.26,570 கோடி மதிப்பிலான ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாகவும், மேலும் ரூ.73,000 கோடி மதிப்பிலானவை பரிசீலனையில் உள்ளதாகவும் அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் நிர்மலா சீதாராமன் பதிலளித்தார்.

அதே ஆண்டு அக்டோபர் 14-இல், ஊதிய உயர்வு கோரி எச்ஏஎல் தொழிலாளர்கள் நாடு முழுவதும் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். நிறுவனத்தின் செலவைக் குறைப்பது என்று வரும்போது முதலில் தொழிலாளியின் ஊதியமே கண்ணில் படுகிறது என்பது அவர்களின் ஆதங்கம். மேற்செலவில் மேலாண்மை, மேற்பார்வைச் செலவுகளும் அடக்கம் என்பதால் அந்த ஆதங்கத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

ஆறு ஆண்டுகளில் காட்சி தலைகீழானது. 2024-25 நிதியாண்டில் நிறுவனத்தின் வருவாய் சுமார் ரூ.30,981 கோடி, நிகர லாபம் சுமார் ரூ.8,364 கோடி. 2025 மார்ச் இறுதியில் கைவசமிருந்த ஆர்டர்கள் ரூ.1.8 லட்சம் கோடியைத் தாண்டின. அதற்குச் சில நாள்கள் முன்பு, 156 'பிரசண்ட்' இலகு ரக போர் ஹெலிகாப்டர்களுக்காக ரூ.62,700 கோடி ஒப்பந்தம் கையெழுத்தானதே முக்கியக் காரணம். வைப்புத்தொகை வட்டி போன்ற பிற வருவாயும் லாபத்தில் அடங்கும் என்றாலும், ஆர்டர் பெருகியபோது விகிதங்கள் அதற்கேற்பக் குறைக்கப்பட்டனவா என்று கேட்க வாடிக்கையாளரான விமானப் படைக்கு உரிமை உண்டு.

ஆர்டர் இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு தேஜஸே சாட்சி. 2021 பிப்ரவரி 3-இல், பெங்களூரு விமானக் கண்காட்சியின்போது 83 மார்க்-1ஏ விமானங்களுக்கான ஒப்பந்தம் வழங்கப்பட்டது. 2024-இல் விநியோகம் தொடங்கியிருக்க வேண்டும். அமெரிக்காவின் ஜிஇ நிறுவனம் எஃப்-404 என்ஜின்களில் முதலாவதை ஏறத்தாழ இரண்டு ஆண்டு தாமதத்துடன் 2025 மார்ச்சில்தான் அளித்தது. 2025 பிப்ரவரியில், எச்ஏஎல் மீது தமக்கு நம்பிக்கை இல்லை என விமானப் படைத் தளபதி ஏ.பி.சிங் வெளிப்படையாகவே அதிருப்தி தெரிவிக்கும் நிலை ஏற்பட்டது.

ஆண்டுக்கு 8 விமானம் என்பதை 16 ஆக உயர்த்த அரசு சுமார் ரூ.1,381 கோடி அனுமதித்தது. நாசிக்கில் மூன்றாவது உற்பத்திப் பிரிவு அமைக்கப்பட்டு, அங்கு உருவான முதல் விமானம் 2025 அக்டோபர் 17-இல் பறந்தது. மூன்று பிரிவுகளும் முழு வேகத்தில் இயங்கினால் ஆண்டுக்கு 24 விமானங்கள் கிடைக்கும். அதாவது, மேற்செலவு 24 பங்காகப் பிரியும். என்ஜின் வராமல் விமானங்கள் வேலைக்கூடத்திலேயே நின்றால், அதே செலவு சில விமானங்களின் தலையில் விழும். அல்லது நிறுவனத்தின் லாபத்தைக் கரைக்கும். இதில் எது நடக்கும் என்பதை ஒப்பந்த வாசகமே தீர்மானிக்கும்.

ஆவடி தந்த பாடம்

தமிழக வாசகர்களுக்கு இப்பிரச்னை புதிதல்ல. ஆவடி, திருச்சி, அருவங்காடு ஆலைகள் உள்பட 41 ஆலைகளைக் கொண்டிருந்த ராணுவத் தளவாட ஆலைகள் வாரியம், 2021 அக்டோபர் 1-இல் கலைக்கப்பட்டு ஏழு நிறுவனங்களாக்கப்பட்டது. தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்பை மீறி எடுக்கப்பட்ட அந்த முடிவுக்கு ஆதாரமாகச் சுட்டிக்காட்டப்பட்டவற்றில் ஒன்று, 2019-இல் வெளியான சிஏஜி அறிக்கை. வாரியத்தின் ஒதுக்கீட்டில் ஏறத்தாழ 33 சதவீதம் மேற்செலவுக்கே போவதாகவும், மேற்பார்வைச் செலவும் மறைமுக உழைப்புச் செலவுமே அதற்கு முக்கியக் காரணம் என்றும் அது கூறியது.

போர்க்காலத் தேவைக்கென ஆலைகளைத் தயார் நிலையில் வைத்திருக்கச் சொல்வது அரசு. அதற்கான செலவைச் சமாதான காலத்தில் காலணியின் விலையிலும் குண்டின் விலையிலும் ஏற்றிவிட்டு, விலை அதிகம் என்று குறை கூறுவதும் அரசே என்பது தொழிற்சங்கங்களின் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. தயார் நிலைக்கான செலவைத் தனியாகக் கணக்கிட்டு, பட்ஜெட்டில் வெளிப்படையாக அளித்திருந்தால், உண்மையான வீண்செலவு எது என்பது தெளிவாகத் தெரிந்திருக்கும்.

மேற்செலவு மட்டுமா?

அதே வேளையில், எல்லாப் பழியையும் மேற்செலவின் மீது போடுவதும் தவறு. 'துருவ்' ஹெலிகாப்டர் குறித்த 2010-ஆம் ஆண்டு சிஏஜி அறிக்கை, அதில் பயன்படும் பொருள்களின் மதிப்பில் சுமார் 90 சதவீதம் இறக்குமதி எனச் சுட்டிக்காட்டியது. டாலரின் மதிப்பு உயரும்போது, பெங்களூரு ஆலை எவ்வளவு சிக்கனமாக இருந்தாலும் விலை உயரவே செய்யும்.

விமான எண்ணிக்கையால் ஒப்பந்தத் தொகையை வகுத்து, 'ஒரு விமானம் இத்தனை கோடி' எனக் கூறுவதும் சரியல்ல. 83 விமானங்களுக்கான தொகை வெளியானபோது, அடிப்படை விமானச் செலவு சுமார் ரூ.25,000 கோடி மட்டுமே என்றும், தரைத்தள உபகரணங்கள், வரி, வடிவமைப்புச் செலவு, அந்நியச் செலாவணி ஏற்ற இறக்கம் ஆகியவையே மீதித் தொகை என்றும் எச்ஏஎல்-லின் அப்போதைய தலைவர் ஆர்.மாதவன் விளக்கினார். ஒரு போர் விமானத்தின் விலை ரூ.309 கோடி என்றார். இந்த அளவுக்கான விவரம்கூட, விவாதம் எழுந்த பிறகே கிடைத்தது.

உலகம் கற்ற பாடம்

1983-இல் அமெரிக்கக் கடற்படை ஒரு சுத்தியலுக்கு 435 டாலர் கொடுத்தது தெரியவந்தபோது நாடே கொதித்தது. உண்மையில், ஒப்பந்த நிறுவனம் தனது பொறியியல், நிர்வாகச் செலவுகளைப் பட்டியலிலிருந்த எல்லாப் பொருள்களின் மீதும், அவற்றின் மதிப்பைப் பாராமல், சரிசமமாகப் பகிர்ந்ததே அந்த விலைக்குக் காரணம். விலை உயர்ந்த கருவிக்குச் சேர்ந்த அதே மேற்செலவுதான் சுத்தியலுக்கும் சேர்ந்தது. 1985-இல் வெளியான மற்றொரு விவகாரம் இன்னும் மோசம். ஜெனரல் டைனமிக்ஸ் நிறுவனம், தனது அதிகாரி ஒருவரின் நாயைக் காப்பகத்தில் விட்ட கட்டணத்தையும் மேற்செலவாக அரசிடம் காட்டியிருந்தது.

இவ்வாறான அனுபவங்களின் பின்னணியில், எந்தச் செலவை ஏற்கலாம், எதை ஏற்கக் கூடாது என்ற விதிகளை அமெரிக்கா மேலும் இறுக்கியது. அவற்றைச் சரிபார்க்க 1965 முதலே தனித் தணிக்கை அமைப்பும் அங்கு உள்ளது. பிரிட்டனில் 2014-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, போட்டியற்ற பாதுகாப்பு ஒப்பந்தங்களைக் கண்காணிக்கத் தனி ஒழுங்குமுறை அமைப்பு ஏற்படுத்தப்பட்டது. செலவு பொருத்தமானதாகவும், அந்த ஒப்பந்தத்துக்கு உரியதாகவும், நியாயமானதாகவும் இருப்பதை நிறுவனம் நிரூபிக்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.

இந்தியாவில் விலைப் பேச்சுக் குழு உண்டு. அரசின் செலவுக் கணக்கு ஆலோசகர்கள் உண்டு. சிஏஜி தணிக்கையும் நாடாளுமன்றத்தின் பொதுக் கணக்குக் குழுவும் உண்டு. ஆனால், பிரிட்டனைப் போலச் சட்டத்தின் பலம் பெற்ற தனி அமைப்பு இல்லை. சிஏஜி அறிக்கை வரும்போது பணம் கொடுத்து முடிந்திருக்கும். மேலும், எச்ஏஎல்-லின் 71.64 சதவீதப் பங்குகளை வைத்திருக்கும் உரிமையாளர் அரசு. அதன் முதன்மை வாடிக்கையாளரும் அரசு. விலையை முடிவு செய்வதும் அரசு. விலை கூடினால் ராணுவ பட்ஜெட்டுக்கு நஷ்டம்; ஆனால், ஈவுத்தொகையாக அதில் ஒரு பகுதி கருவூலத்துக்குத் திரும்புகிறது. இந்தச் சுழற்சியில் விலையைக் கறாராகப் பேசும் முனைப்பு மழுங்கிவிடும் அபாயம் உண்டு. நஷ்டப்படுவது, அதே தொகையில் கூடுதல் விமானங்களைப் பெற்றிருக்கக்கூடிய விமானப் படை மட்டுமே.

போட்டியே தீர்வா?

ஐந்தாம் தலைமுறைப் போர் விமானத் திட்டத்தில் பொதுத் துறையும் தனியாரும் சமமாகப் போட்டியிடும் முறைக்கு 2025 மே மாதம் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் ஒப்புதல் அளித்தார். வதோதராவில் டாடா நிறுவனம் சி-295 போக்குவரத்து விமானங்களைத் தயாரிக்கும் ஆலை 2024 அக்டோபரில் திறக்கப்பட்டது. போட்டி வந்தால் மேற்செலவு தானாகக் குறையும் என்ற நம்பிக்கை இதன் பின்னணியில் உள்ளது.

அது ஓரளவே உண்மை. ஆண்டுக்குச் சில பத்து விமானங்கள் மட்டுமே தேவைப்படும் நாட்டில், இரண்டு முழு ஆலைகளை நிறுவினால் இரண்டு மேற்செலவுகளையும் சுமக்கப்போவது அதே பட்ஜெட்தான். இதற்கு மாற்றாக ஒரு நடுவழி ஏற்கெனவே செயல்பாட்டில் உள்ளது. தேஜஸின் இறக்கைகள் கோவையில் எல் அண்ட் டி ஆலையிலும், நடு உடற்பகுதி ஹைதராபாதிலும், முன், பின் உடற்பகுதிகள் பெங்களூருவின் தனியார் நிறுவனங்களிலும் தயாராகின்றன. வேலையைப் பகிர்ந்தளிப்பதால் எச்ஏஎல்-லின் சொந்த மணி நேரம் குறையும். ஆனால், குறைந்த மணி நேரத்தின் மீது பழைய மேற்செலவு முழுவதும் ஏறினால், மணி நேர விகிதம் மீண்டும் உயரும். வெளியே கொடுத்த வேலைக்கும் ஒரு விலை, உள்ளே காலியான இடத்துக்கும் ஒரு விலை என இரட்டிப்பாகச் செலுத்தும் நிலை வரலாம். எனவே, வேலைப் பகிர்வும் மணி நேர விகிதத் திருத்தமும் ஒன்றாகவே நடைபெற வேண்டும்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. எந்தச் செலவுகளை விலையில் சேர்க்கலாம் என்ற பட்டியலை அரசு வெளியிடலாம். எவ்வளவு உற்பத்தி என்ற அனுமானத்தில் மணி நேர விகிதம் கணிக்கப்பட்டது என்பதை ஒப்பந்தத்திலேயே குறிப்பிட்டு, உற்பத்தி கூடினால் விகிதம் குறைய வழி செய்யலாம். தயார் நிலைக்காக வைத்திருக்கும் வசதிகளுக்குத் தனி நிதி ஒதுக்கலாம். ராணுவ ரகசியம் சார்ந்த விவரங்களைத் தவிர்த்து, மணி நேர விகிதங்களைப் பாதுகாப்புத் துறைக்கான நாடாளுமன்ற நிலைக்குழுவின் முன் ஆண்டுதோறும் வைக்கலாம். ரேடாரின் திறன் ரகசியமாக இருக்கலாம். அலுவலகப் பராமரிப்புச் செலவு ரகசியமாக இருக்க வேண்டிய தேவை இல்லை.

2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புத் துறையின் மூலதனச் செலவுக்கு ரூ.1.80 லட்சம் கோடி ஒதுக்கப்பட்டது. அதில் பெரும் பங்கை உள்நாட்டு நிறுவனங்களுக்கே அளிப்பது என்ற கொள்கையை எல்லாக் கட்சிகளும் வரவேற்கின்றன. உள்நாட்டுத் தயாரிப்பு என்பதற்காகக் கேள்வி கேட்காமல் விட்டுவிடுவது அந்தக் கொள்கைக்குச் செய்யும் உதவி அல்ல. 97 விமானங்களின் விநியோகம் 2027-28-இல் தொடங்க வேண்டும். அந்த விமானங்களின் விலைக்குள் என்ன இருக்கிறது என்பதை, பல ஆண்டுகள் கழித்து வரும் தணிக்கை அறிக்கைக்கு விட்டுவிடாமல், இப்போதே கேட்டறிவது நாடாளுமன்றத்தின் கடமை.